மத்தியிடம் ஊர் கேட்கப் போகிறவர்களுக்கு

மீனின் டி.என்.ஏ.வைப் பார்த்து அதற்கு எந்த ஊர் என்று சொல்லிவிடலாம் என்ற ஆசையோடு ஆய்வகத்துக்குள் நுழைகிற பிள்ளைகளை முப்பது வருஷமாகப் பார்த்துவிட்டேன். நானும் அந்த ஆசையோடு வந்தவள்தான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த மூன்று பேர் வீடு தேடி வந்து, "மேடம், நாங்க எதுல கவனமா இருக்கணும்?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னால் காபியோடு போய்விடும் என்று எழுதித் தருகிறேன். நான் மத்தி மீனோடு மல்லுக்கட்டியே காலம் கழித்தவள். உதாரணமும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். எண் போட்டிருப்பது, "மேடம், ஏழாவது புரியல" என்று நீங்கள் போனில் சொல்ல வசதியாக.

1. முதலில் அது மத்திதானா என்று பாருங்கள்.

சிரிக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராமேசுவரம் பக்கத்திலிருந்து நாற்பது சின்ன மீன் ஐஸ் பெட்டியில் வந்தது. மற்ற ஊர் மத்தியோடு ஒப்பிட்டால் எங்கோ தூரத்தில் தனியாக நின்றது. பாக் நீரிணையில் யாரும் அறியாத தனி மத்திக் கூட்டம் இருக்கிறது என்று கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன். எங்கள் ஆய்வகத்தில் மீனை வகைபிரிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். டி.என்.ஏ. மேல் அவருக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. மீதி மீனை எடுத்துவரச் சொல்லி, லென்ஸை வைத்து வயிற்றுத் துடுப்பின் கதிர்களை எண்ணினார். "எட்டும்மா" என்றார். மத்திக்கு ஒன்பது இருக்க வேண்டும். நான் கண்டுபிடித்த தனிக் கூட்டம் சூடை.

ஒன்பது கதிர், நீண்ட தலை, செவுள் மூடியின் பின்விளிம்பில் கறுப்புப் புள்ளி, செவுளைத் திறந்தால் சீப்புப் பல்லைவிட நெருக்கமான செவுள் முட்கள். இதைப் பார்க்க இரண்டு நிமிஷம். ஒவ்வொரு தொகுதியிலும் நாலைந்து மீனை முழுசாக வைத்திருங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சந்தேகம் இருந்தால் இனத்தை அடையாளம் காட்டும் சி.ஓ.ஐ. மரபணுவைப் படித்து உறுதி செய்யுங்கள். கடல் மீனில் வேறுபாடு பெரிதாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். சந்தோஷப்பட அப்புறம் நேரம் இருக்கிறது.

2. பிடிபட்ட ஊர் வேறு, பிறந்த ஊர் வேறு.

மத்திக்கு சார்டினெல்லா லாங்கிசெப்ஸ் என்று 1847-இல் பெயர் வைத்தவர் வலென்சியன் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் கைக்குப் போன மீன் புதுச்சேரி மீன். ஆனால் அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக, மத்தி என்றால் மேற்குக் கரை என்றுதான் புத்தகங்கள் சொல்லிவந்தன. கிழக்குக் கரையில் அது வள்ளம் வள்ளமாக விழத் தொடங்கியது 1980களின் பிற்பகுதிக்குப் பின்னால்தான். இது இங்கேயே கொஞ்சமாக இருந்து பெருகியதா, குமரிமுனையைச் சுற்றி வந்து குடியேறியதா? நல்ல கேள்வி. ஆனால் நாகப்பட்டினம் ஏலக்கூடத்தில் வாங்கிய ஐம்பது மீன் இதற்குப் பதில் சொல்லாது. அன்றைக்கு அந்தத் தண்ணீரில் எந்த மீன் திரிந்தது என்பதை மட்டும்தான் அது சொல்லும்.

திருவிழாக் கூட்டத்தில் நின்று ஐம்பது பேரிடம் ரத்தம் எடுத்து, இதுதான் இந்த ஊர் ரத்தம் என்று எழுதுவீர்களா? மேய்ச்சலுக்குப் போன இடத்தில் பல கூட்டம் கலந்து திரியும். முட்டையிடப் போகும்போதுதான் எது யாரோடு சேர்ந்தது என்று தெரியும். ஆகவே, முடிந்த மட்டும் சினை முற்றிய மீனை எடுங்கள். வயிற்றை லேசாக அமுக்கினால் சினை வழிய வேண்டும். முடியவில்லை என்றால் நீளம், பாலினம், சினைப்பையின் நிலை மூன்றையும் ஒவ்வொரு மீனுக்கும் குறித்து வையுங்கள். பின்னால் பிரித்துப் பார்க்க வழியாவது இருக்கும். கீழே நான் எழுதப்போவதில் பாதி இந்த ஒன்றின் வால்தான்.

3. ஒரு கூடையில் ஐம்பது மீன் என்பது ஒரு வீட்டில் ஐம்பது பேர் மாதிரி.

ஒரு ரிங் வலையில் ஒரே இழுப்பில் டன் கணக்கில் மத்தி வரும். அது ஒரே கூட்டம், பெரும்பாலும் ஒரே வயது. அதில் ஐம்பதை எடுத்துவிட்டு 'கொல்லம் மாதிரி' என்று சீட்டு ஒட்டுவது சோம்பேறித்தனம். பத்துப் படகில் ஐந்தைந்தாக எடுங்கள், வெவ்வேறு நாளில் எடுங்கள்.

மத்தி ஒன்று பல்லாயிரம் முட்டை போடும். கடல் கருணை காட்டினால் ஒரு சில தாய்களின் குஞ்சுகள் ஏராளமாகத் தப்பிக்கும். மற்றவற்றின் குஞ்சுகள் அடியோடு போகும். லாட்டரி மாதிரி. இதைக் கடல்வாழ் உயிர்களுக்கு 1994-இல் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஹெட்ஜ்காக். அதனால் இந்த வருஷக் குஞ்சுகளின் மரபணு போன வருஷத்துக் குஞ்சுகளிடமிருந்து கொஞ்சம் விலகி நிற்கும். அதற்கும் ஊருக்கும் சம்பந்தம் இல்லை.

4. பென்சில்.

மார்க்கர் மை ஆல்கஹாலில் கரையும். பென்சிலால் காகிதத் துண்டில் எழுதி, குழாய்க்கு உள்ளே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டை நம்பி நான் ஒரு முழு வாரத்து உழைப்பை இழந்தேன். மங்களூர் எது, கோழிக்கோடு எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். துடுப்புத் துண்டு 95 சதவீத ஆல்கஹாலில் இருக்கட்டும், மறுநாள் ஒரு முறை ஆல்கஹாலை மாற்றுங்கள். ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள், அது டி.என்.ஏ.வை முறித்துவிடும். ஆல்கஹாலுக்குக் கலால் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்; அந்தக் கோப்பு நகரும் வேகத்தைப் பார்த்தால் மத்தி இரண்டு தலைமுறை முட்டையிட்டுவிடும். சேர்ந்த முதல் வாரமே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

5. கடலில் எண்கள் சின்னதாகத்தான் இருக்கும்.

எஃப்.எஸ்.டி. என்ற எண்ணை நீங்கள் தினமும் கும்பிடப் போகிறீர்கள். மொத்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது என்பதுதான் அது. பூஜ்யம் என்றால் எல்லாம் கலந்தது, ஒன்று என்றால் முழுக்கப் பிரிந்தது. அப்போது கிடைத்த புரத ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 1994-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இதே வகை அளவு நன்னீர் மீன்களுக்குச் சராசரியாக 0.222, கடல் மீன்களுக்கு 0.062. ஆற்று மீனுக்கு மலையும் அணையும் வேலி. கடலில் வேலி எங்கே? மத்தி மாதிரி கூட்டமாகத் திரியும் மீனில் 0.005 வந்தாலே பெரிய விஷயம். அந்த அளவு சின்ன எண்ணை ஒரு மோசமான ஜெல், ஒரு தப்பான குழாய், இரண்டு பேர் படித்த விதத்தில் உள்ள வித்தியாசம் சுலபமாக உண்டாக்கிவிடும். அதனால்தான் பென்சிலுக்குத் தனி எண் கொடுத்தேன்.

ஒரு ஊர் மாதிரியை ஒரு தட்டிலும் இன்னொரு ஊர் மாதிரியை வேறொரு தட்டிலும் ஓட்டாதீர்கள். கலந்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது தட்டுக்கும் தட்டுக்கும் உள்ள வேறுபாட்டை.

6. 'வேறுபாடு தெரியவில்லை' என்பது 'எல்லாம் ஒன்றுதான்' ஆகாது.

இதில் தடுக்கி விழாதவர் யாரும் இல்லை, நான் உட்பட. சூவல் ரைட் ஒரு எளிய கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே தலைமுறைக்கு ஒரே ஒரு மீன் இடம் மாறிச் சேர்ந்து இனப்பெருக்கம் செய்தால் எஃப்.எஸ்.டி. 0.2 அளவில் நிற்கும். பத்து மீன் மாறினால் 0.024. நூறு மீன் மாறினால் 0.0025. அதாவது, கண்ணுக்கே தெரியாது. கணக்கின் அனுமானங்கள் கடலுக்குச் சரியாகப் பொருந்தாது என்பது தனிக் கதை. ஆனால் போக்கு அதுதான்.

இப்போது யோசியுங்கள். குளச்சல் பக்கத்திலிருந்து தலைமுறைக்கு நூறு மத்தி குமரிமுனையைச் சுற்றிக் கிழக்கே வந்து முட்டையிட்டால் போதும், மரபணுவில் இரண்டு கரையும் ஒன்றாகத் தெரியும். ஆனால் கிழக்குக் கரையில் மத்தி வற்றிப்போனால் அந்த நூறு மீன் வந்து கடலை நிரப்புமா? நூறு மத்தி என்பது ஐந்து கிலோ. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்தாது.

மரபணுவின் கேள்வி, போதுமான கலப்பு நடக்கிறதா என்பது. மீன்வளத் துறையின் கேள்வி, இங்கே பிடித்தால் அங்கே குறையுமா என்பது. இரண்டும் வேறு வேறு. அரசு இப்போது கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடைக்காலம் வைத்திருக்கிறது. உங்கள் தாளின் கடைசிப் பத்தியில் 'ஒரே இனத்தொகை என்பதால் ஒரே விதமாக மேலாண்மை செய்யலாம்' என்று ஒரு வரி எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். அந்த ஒரு வரியைத்தான் ஆட்கள் எடுத்துப் போவார்கள். அதற்கு மேலே நீங்கள் எழுதிய எச்சரிக்கை எல்லாம் படகு போன அலை மாதிரி அழிந்துவிடும். 'எங்கள் மரபணுக் குறிப்பான்களால், இத்தனை மீனில், வேறுபாடு பிடிபடவில்லை' என்று எழுதுங்கள். எத்தனை சின்ன வேறுபாடு இருந்தால் உங்களால் பிடித்திருக்க முடியும் என்ற கணக்கையும் பக்கத்தில் போடுங்கள். அந்தக் கணக்கைப் போடாத ஆய்வை இப்போதெல்லாம் நான் படிப்பதில்லை. வயதாகிவிட்டது, நேரம் குறைவு.

7. விலாங்கின் கதையை மனப்பாடம் செய்யுங்கள்.

ஐரோப்பிய விலாங்கு ஆற்றிலும் ஏரியிலும் வளர்ந்து, முட்டையிட அட்லாண்டிக்கைக் கடந்து சர்காசோ கடலுக்குப் போகும் மீன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்காரர் யோகன்னஸ் ஷ்மிட் வருஷக் கணக்கில் கப்பலில் அலைந்து, மேலும் மேலும் சின்னக் குஞ்சு எங்கே கிடைக்கிறது என்று பின்தொடர்ந்தே அந்த இடத்தை நெருங்கினார். எல்லா விலாங்கும் ஒரே இடத்தில் கலந்து முட்டையிடுகிறது, எனவே ஐரோப்பா முழுக்க ஒரே இனத்தொகை என்றுதான் பாடம் இருந்தது.

2001-இல் விர்த், பெர்னாட்சே இருவரும் நேச்சர் இதழில், அப்படி இல்லை என்று எழுதினார்கள். மைக்ரோசாட்டிலைட் குறிப்பான்களில், ஊர் தூரம் கூடக் கூட வேறுபாடும் கூடியது. கலப்பு முழுமையாக இல்லை என்று அர்த்தம். உலகமே பேசியது. நானும் என் மாணவர்களுக்கு இதைக் கண்கள் விரியச் சொல்லிக்கொடுத்தேன்.

நாலே வருஷம். 2005-இல் வேறொரு குழு ஐஸ்லாந்திலிருந்து மொராக்கோ வரை 41 இடங்களில் 2,600-க்கும் மேற்பட்ட விலாங்குகளைப் பார்த்தது. முக்கியமாக, ஒரே இடத்தில் வெவ்வேறு வருஷத்து மீனையும் எடுத்தது. ஊருக்கும் ஊருக்கும் இருந்த வேறுபாட்டைவிட, ஒரே ஊரில் வருஷத்துக்கு வருஷம் இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. மூன்றாவதில் சொன்ன லாட்டரி. வருஷத்தைக் கவனிக்காமல் எடுத்ததால் காலம் ஊர் வேஷம் போட்டிருக்கிறது.

அதற்கும் பிறகு 2011-இல் இன்னொரு குழு, கரையில் பிடிபட்ட மீனைப் பற்றிச் சண்டை போட்டது போதும் என்று, சர்காசோ கடலுக்கே போய்ப் பிறந்த இடத்துக் குஞ்சுகளை அள்ளி வந்து பார்த்தது. ஒரே இனத்தொகைதான் என்று முடிவு வந்தது. பாருங்கள், கேள்வியைத் தீர்த்தது புது இயந்திரம் இல்லை, மீனை எடுத்த இடம். முதலில் எழுதியவர்களைக் குறை சொல்லாதீர்கள். அவர்கள் நேர்மையாகத் தங்கள் தரவைச் சொன்னார்கள். உங்களுக்கு ஒரே ஒரு வருஷத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஊர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து இரண்டு வருஷம் எடுங்கள். வழிகாட்டி முகம் சுளிப்பார். பரவாயில்லை.

8. ஆயிரக்கணக்கான எஸ்.என்.பி. (ஓர் எழுத்து மட்டும் மாறும் இடங்கள்) இருந்தால் எல்லா ஒப்பீட்டிலும் 'புள்ளியியல்படி முக்கியம்' என்ற நட்சத்திரக் குறி விழும். நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், வேறுபாட்டின் அளவைப் பாருங்கள்.

9. மைட்டோகாண்ட்ரியா அம்மா சொல்லும் கதை.

அது தாய்வழி மட்டுமே வரும். ஆண் மீன் ஊர் ஊராகத் திரிந்தாலும் அதில் பதிவு இருக்காது. ஒரே ஒரு மரபணுத் துண்டின் வம்சாவளியை முழு மீனின் வம்சாவளி என்று எழுதாதீர்கள். அந்த வம்சாவளியைப் படமாகப் போட்டால், நடுவில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளி என்று நட்சத்திரம் மாதிரிப் படம் வரும். கடல் மீனில் அடிக்கடி வருவதுதான் அது. பழைய காலத்தில் எண்ணிக்கை பெருகியது என்று சொல்லலாம். எந்தக் காலம் என்று வருஷக் கணக்கு சொல்லும்போது குரலைத் தாழ்த்துங்கள். மரபணு மாறும் வேகத்தை அளக்க வேறொரு மீனிடமிருந்து கடன் வாங்கிய கடிகாரம் அது.

10. எதிர்பார்த்ததைவிட ஒத்த அல்லீல் ஜோடிகள் அதிகமா?

ஹார்டியும் வைன்பெர்க்கும் 1908-இல் சொன்ன விகிதத்திலிருந்து இப்படி விலகினால், வாலுண்ட் 1928-இல் காட்டிய காரணம் உடனே நினைவுக்கு வரும். இரண்டு கூட்டத்தை ஒன்றாக எண்ணிவிட்டோம், கலப்படம் பிடிபட்டது! அவசரம் வேண்டாம். முதலில் பிரைமர் சரியாக ஒட்டாததால் ஓர் அல்லீல் காணாமல் போனதா என்று பாருங்கள். அடுத்து, பெரிய அல்லீல் பி.சி.ஆரில் வராமல் போனதா என்று பாருங்கள். அடுத்து, முதல் அறிவுரைக்குப் போய்த் துடுப்பின் கதிரை எண்ணுங்கள். எல்லாம் சரி என்றால் மட்டும் வாலுண்டைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அவர் வரத் தேவை இருக்காது.

11. வண்ணப் பட்டைப் படத்துக்கு மயங்காதீர்கள்.

2000-இல் வந்த ஸ்ட்ரக்சர் மென்பொருள் ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களையே மாற்றிவிட்டது. மீனுக்கு ஒரு கோடு, வம்சத்துக்கு ஒரு நிறம். அழகாக இருக்கும்; ஆய்வேட்டின் அட்டையில் போடத் தோன்றும். எத்தனை கூட்டம் என்று முடிவு செய்ய 2005-இல் வந்த எவான்னோ முறையைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். அந்த முறையால் 'ஒன்று' என்ற பதிலைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் அது அடுத்தடுத்த எண்களை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது. மத்தி மாதிரி மீனில் ஒன்று என்பதுதான் ரொம்பவும் சாத்தியமான பதில். அதைச் சொல்லத் தெரியாதவரிடம் போய் ஆலோசனை கேட்டால் 'இரண்டு' என்பார். என் மேஜைக்கு வந்த ஆய்வேடுகளில் எத்தனை 'இரண்டு'!

12. எல்லா மரபணுவும் ஒரே கதை சொல்லாது.

பால்டிக் கடலில் உப்பு குறைவு. அங்கே உள்ள ஹெர்ரிங் மீனை லின்னேயஸ் தனி வகையாகவே வைத்தார். ஆனால் பழைய குறிப்பான்களில் அதற்கும் அட்லாண்டிக் ஹெர்ரிங்குக்கும் வேறுபாடு பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே வந்துகொண்டிருந்தது. லின்னேயஸ் தவறிவிட்டாரோ என்ற நிலை. 2012-இல் ஸ்வீடன் குழு ஒன்று மரபணுத் தொகுதியில் 4.4 லட்சம் இடங்களைப் பார்த்தது. பெரும்பான்மை இடங்களில் வேறுபாடே இல்லை. சில ஆயிரம் இடங்களில் மட்டும் மலை மாதிரி நின்றது. பின்னால் வந்த ஆய்வு ஒன்றில், கண்ணின் ரொடாப்சின் புரதத்தில் 261-ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியிருப்பது தெரிந்தது. பால்டிக் தண்ணீரின் செம்மை கலந்த வெளிச்சத்துக்கு ஏற்ற கண். கடல் கலந்துகொண்டே இருக்கிறது, ஆனால் வாழ வேண்டிய இடத்துக்குத் தேவையான சில எழுத்துகளை மட்டும் இயற்கைத் தேர்வு விடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது, வசந்தத்தில் முட்டையிடும் ஹெர்ரிங்கும் இலையுதிர் காலத்தில் முட்டையிடும் ஹெர்ரிங்கும். ஒரே கடல். பிரிப்பது மாதம். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் ஏற்பி மரபணுவில் அந்த வேறுபாடு துல்லியமாகத் தெரிகிறது. பிறந்த ஊரைக் கேட்கச் சொன்னேன் அல்லவா, பிறந்த மாதத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

மத்திக்கு வருவோம். 2021-இல் வெளியான ஆய்வில், ஓமான் வளைகுடா மத்தி மற்ற இந்தியப் பெருங்கடல் மத்தியிடமிருந்து தெளிவாகப் பிரிந்து நின்றது. வெப்பம், பச்சையம், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றோடு சேர்ந்து மாறும் மரபணு இடங்களும் கிடைத்தன. அதே ஆய்வில், நம் தென்மேற்குக் கரையில் குஞ்சுகள் வெகு தூரம் பரவும் என்று நீரோட்டக் கணக்கு சொன்னது. இந்த மூன்றையும் சேர்த்துப் படியுங்கள், ஒன்றை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள். இன்னொன்று: மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் மரபணு கிடைத்ததும் 'இது வெப்பத்துக்கான மரபணு' என்று பெயர் சூட்டிவிடாதீர்கள். வடக்கே போகப் போக வெப்பம் மட்டுமா மாறுகிறது? எல்லாமும்தான் மாறுகிறது.

13. முழு மரபணு வந்துவிட்டது, இனி எல்லாம் சுலபம் என்று நினைக்காதீர்கள்.

கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2023-இல் மத்தியின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டது. சுமார் 107.7 கோடி எழுத்து, 46,316 புரத மரபணுக்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. நாங்கள் ஏழெட்டுக் குறிப்பான்களுக்கு வருஷக் கணக்கில் ஜெல் ஊற்றியவர்கள். ஆனால் தப்பாக எடுத்த மீனை 107 கோடி எழுத்திலும் படித்தால், தப்பு 107 கோடி எழுத்தில் இருக்கும். அவ்வளவுதான்.

14. இறங்குதளத்தில் வாயை மூடி, காதைத் திறந்து வையுங்கள்.

"டீச்சரம்மா, மீனு வாங்க வந்தியளா, எண்ண வந்தியளா?" என்று குளச்சலில் ஒரு பெரியவர் கேட்டார். எண்ண வந்தேன் என்றதும் முக்காலியைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னார். மத்தி, சாளை, பேச்சாளை என்று ஊருக்கு ஒரு பேர் இருப்பதை அவரிடம்தான் முழுசாகக் கற்றேன். இரண்டு பேர் இருந்தால் இரண்டு மீன் என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஏன் இரண்டு பேர் என்று விசாரிக்கக் காசு ஆகாது. எந்த மாதம் தலை பெருத்து உடல் மெலிந்த மீன் வரும், எந்த மாதம் நெய் வைக்கும் என்று அவர் சொன்னது என் நோட்டுப் புத்தகத்தில் பதினான்கு பக்கம்.

மரபணு வருவதற்கு முன்பே மீனைப் பிரித்துப் பார்த்தவர்களை மதியுங்கள். ஜெர்மனியில் ஹைன்கே ஆயிரக்கணக்கான ஹெர்ரிங்கின் முதுகெலும்புகளை எண்ணி, உடலை அளந்து, ஒரே இனத்துக்குள் பல குடிகள் உண்டு என்று 1898-இல் எழுதினார். மலபார் மதராஸ் மாகாணத்தில் இருந்தபோது ஜேம்ஸ் ஹார்னெல் 1920களில் மத்தியின் வாழ்க்கையை அளந்து எழுதினார். நார்வேயில் காட் மீனின் காதுக்கல்லைப் பார்த்தே கரையோரக் காட் எது, வடக்கிலிருந்து முட்டையிட வந்தது எது என்று 1930களில் பிரித்தார்கள். இன்று அதே லோஃபோட்டன் பகுதியில் மரபணுவையும் பார்க்கிறார்கள். கரையோரக் காட்டின் பங்கு கூடினால் அந்த இடத்தில் பெரும் படகுகளைத் தடுக்கிறார்கள். காதுக்கல்லும் மரபணுவும் ஒன்றுக்கொன்று சாட்சி. நீங்களும் மத்தியின் தலையைத் தூக்கி எறியாதீர்கள், காதுக்கல்லை எடுத்து வையுங்கள்.

15. எத்தனை மீன் இருக்கிறது என்று உங்களிடம் கேட்பார்கள். தெரியாது என்று சொல்லுங்கள்.

பிடிபடும் அளவு ஒரு கணக்கு, மரபணு வேறு கணக்கு. கேரளத்தில் 2012-இல் 3.99 லட்சம் டன் மத்தி இறங்கியது. 2021-இல் வெறும் 3,297 டன். அந்த வருஷம் நிருபர் ஒருவர் போன் செய்து, மத்தியின் மரபணு வளம் அழிந்துவிட்டதா என்று கேட்டார். கிலோவுக்கு இருபது மீன் என்று வைத்துக்கொண்டால், அந்த மோசமான வருஷத்தில் பிடிபட்டது மட்டும் ஆறரைக் கோடி மீன். வலைக்குத் தப்பியது தனி. இந்த அளவு எண்ணிக்கையில் மரபணு வேறுபாடு ஓரிரு வருஷத்தில் சட்டென்று குறையாது. மீனவன் பட்டினி கிடப்பான், மரபணு அசையாது. அவன் கஷ்டத்துக்கு என் ஜெல்லில் அத்தாட்சி தேடியவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஏமாற்றம்தான்.

16. ஜூன் மாதத்துக்கு இப்போதே மழைக்கோட்டு வாங்கி வையுங்கள்.

மேற்குக் கரையில் மத்தி அதிகமாக முட்டையிடுவது தென்மேற்குப் பருவமழையில். அப்போது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கடலும் கொந்தளிப்பு, உங்கள் நிறுவனத்து ஜீப்புக்கு டிரைவர் லீவு. அதனால்தான் பெரும்பாலான ஆய்வுகளில் மாதிரி எடுத்த தேதி நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று இருக்கிறது. வெயில் நன்றாக இருக்கும், மீன் கிடைக்கும், பொங்கலுக்குள் வேலை முடியும். பிறந்த ஊரைக் கேட்க வேண்டிய மாதம் அதுவல்ல.

ஆலப்புழைப் பக்கம் புறக்காடு, அம்பலப்புழை கரையில் சில மழைக்காலங்களில் சேற்றுக்கரை எழும்பும். சாகரை என்பார்கள். சுற்றிலும் கடல் அடித்துக்கொண்டிருக்க, அந்தச் சேறு கலந்த தண்ணீர் மட்டும் குளம் மாதிரி அடங்கிக் கிடக்கும். வள்ளங்கள் அங்கே இறங்கும். எந்த வருஷம் எழும்பும், எங்கே எழும்பும் என்பதை வானிலை அறிக்கையிடம் கேட்காதீர்கள், கரையில் கேளுங்கள். விடிவதற்கு முன் போய்விடுங்கள். முதல் வள்ளம் வந்ததும் ஏலக்காரரிடம் சொல்லிவைத்து, ஒவ்வொரு வள்ளத்திலும் ஐந்து மீன். வயிற்றை அமுக்கிப் பாருங்கள். சினை வழிந்தால் துடுப்பை வெட்டிக் குழாயில் போடுங்கள், தேதியும் வள்ளத்தின் எண்ணும் பென்சிலால். வெட்டிய பிறகு மீதி மீனை ஐஸிலேயே வையுங்கள். காதுக்கல் எடுத்து முடிந்ததும் குழம்பு வைக்க எனக்கு நாலு மீன் அனுப்பிவிடுங்கள்.

நான் போக முடியாது. முழங்கால் வலி.